வழக்குமன்றம் வழியே தமிழுக்கு வந்தவர்: பேராசிரியர் வையாபுரிப்பிள்ளை

திருநெல்வேலியிலிருந்து மதுரைக்குச் செல்லும் நெடுஞ்சாலையில், தாமிரபரணியின் பசுமை மறைந்து கரிசல் நிலம் தொடங்கும் பகுதியில் கயத்தாறு அமைந்துள்ளது. 1799ஆம் ஆண்டு அக்டோபர் 16ஆம் நாள் வீரபாண்டிய கட்டபொம்மன் தூக்கிலிடப்பட்ட ஊர் என்றே நாடு அதனை அறியும். சமணர்க்கு அவ்வூர் மற்றொரு வகையிலும் வழிகாட்டும் ஊராகும். அங்கே நெடுஞ்சாலையை விட்டு வடமேற்கே திரும்பி ஏறத்தாழ 20 கிலோமீட்டர் சென்றால் கழுகுமலையை அடையலாம். பாண்டியன் பராந்தக நெடுஞ்சடையன் காலத்தையும் அதனை அடுத்த காலத்தையும் சார்ந்த தீர்த்தங்கரர் திருமேனிகள் அம்மலைப் பாறையில் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. அவற்றின் அடியில் ஏறத்தாழ நூறு சிறு கல்வெட்டுகள் வட்டெழுத்தில் பொறிக்கப்பட்டுள்ளன. திருமேனிகளைச் செய்வித்த குரவர், குரத்தியர், மாணாக்கர் ஆகியோரின் பெயர்களும் அவர்தம் ஊர்ப்பெயர்களும் அவற்றில் உள்ளன.

அப்பெயர்கள் பாறையில் ஆயிரம் ஆண்டுகளுக்கு மேலாக வெளிப்படையாகவே இருந்தன. எனினும் படிப்போர் இன்மையால் அவை இருந்தும் இல்லாதனவாயின. சமணர் தமிழுக்கு ஆற்றிய தொண்டின் நிலையும் ஏறக்குறைய அத்தகையதே. சிந்தாமணியும் நன்னூலும் யாப்பருங்கலமும் சூடாமணி நிகண்டும் தமிழர் கைகளில் இடையறாது வழங்கிவந்தன. அவற்றை இயற்றியோரின் சமயமும் சங்கமும் தமிழ் வரலாற்றில் பெறவேண்டிய இடம் மட்டும் தெளிவாக எழுதப்படாதிருந்தது. இருபதாம் நூற்றாண்டில் அவ்விடத்தைச் சான்று காட்டி எழுதியவர்களுள் முன்னிற்பவர் இதே நெல்லைச் சீமையிற் பிறந்தவர். அவர் சமணர் அல்லர்; சைவ வேளாண் குடியினர். தமிழ் பயின்று பட்டம் பெற்றுத் தமிழ்ப் பணியில் நேரே அமர்ந்தவரும் அல்லர். வழக்கறிஞராகப் பத்தாண்டுகள் உழைத்தவர். அவர்தாம் பேராசிரியர் எஸ். வையாபுரிப்பிள்ளை.

இளமையும் கல்வியும்

வையாபுரிப்பிள்ளை 1891ஆம் ஆண்டு அக்டோபர் 12ஆம் நாள் திருநெல்வேலியைச் சார்ந்த சிக்கநரசய்யன்பேட்டையில் பிறந்தார். தந்தையார் சரவணப்பெருமாள் பிள்ளை, தாயார் பாப்பம்மாள். நெல்லையப்பர் கோயிலும் தாமிரபரணியும் சூழ்ந்த அந்நகரம் அக்காலத்தில் தமிழ்ப் புலமைக்குப் பெயர் பெற்றது. ஏடுகள் பாதுகாக்கப்பட்ட இல்லங்களும் புராணம் கேட்கும் அவைகளும் அங்கு மிகுதி. திண்ணைப் பள்ளிகளில் நன்னூலும் நிகண்டும் சிறுவர் நெஞ்சில் மனப்பாடமாக ஏறிய காலம் அது. சமணர் செய்த நூல்கள் என்று அறியாமலேயே சைவச் சிறுவரும் வைணவச் சிறுவரும் பவணந்தி முனிவரிடமும் மண்டலபுருடரிடமும் தமிழ் கற்று வந்தனர் எனலாம்.

நெல்லையிலும் பாளையங்கோட்டையிலும் தொடக்கக் கல்வியை முடித்தபின் அவர் சென்னை சென்று கிறித்தவக் கல்லூரியில் சேர்ந்தார். மறைமலையடிகள் பல்லாண்டுகள் தமிழ் கற்பித்த கல்லூரி அது. 1912இல் பி.ஏ. தேர்வில் தமிழில் மாகாணத்திலேயே முதல்வராகத் தேறிச் சேதுபதி தங்கப் பதக்கம் பெற்றார். அப்போது அவருக்கு வயது 21 நிறையவில்லை. அத்தகைய தேர்ச்சி பெற்ற இளைஞர் தமிழ் ஆராய்ச்சியையே தம் வாழ்க்கையாகக் கொள்ள விழைதல் இயல்பு.

ஆயினும் அக்காலத்தில் தமிழைப் பயின்று தமிழாலேயே வாழ்தல் எளிதன்று. கல்லூரிகளில் தமிழ்ப் புலவர்க்கு ஏனைய ஆசிரியரோடு ஒத்த மதிப்பும் ஊதியமும் இல்லை. தமிழ் ஆராய்ச்சிக்கெனப் பல்கலைக்கழகத்தில் துறையும் இல்லை. பட்டம் பெற்ற இளைஞர்க்கு அரசுப்பணி, வழக்குத் தொழில் என்னும் இரண்டுமே மதிப்புக்குரிய வழிகளாக இருந்தன. தங்கப் பதக்கம் பெற்ற தமிழ் மாணாக்கர் திருவனந்தபுரம் சென்று சட்டக் கல்லூரியில் சேர்ந்தார்.

வழக்கறிஞர் வாழ்க்கை

சட்டத் தேர்வு முடிந்தபின் திருவனந்தபுரத்திலேயே ஏறத்தாழ ஏழாண்டுகள் வழக்கறிஞராக இருந்தார். அவ்வூரில் தமிழ் அவரை விட்டு விலகவில்லை. மனோன்மணீயம் இயற்றிய பேராசிரியர் சுந்தரம் பிள்ளை வாழ்ந்து மறைந்த ஊர் அது. கவிமணி தேசிகவிநாயகம் பிள்ளை, திருவிதாங்கூர்க் காவல்துறையில் பணியாற்றியபடியே பழந்தமிழ்க் கால ஆராய்ச்சியில் ஈடுபட்ட கே.என். சிவராஜ பிள்ளை ஆகியோரின் நட்பு அங்குக் கிடைத்தது. பகலில் வழக்கு, இரவில் இலக்கியம் என்று நாள்கள் கழிந்தன. 1922இல் மனோன்மணீயத்தைத் திருத்தமுறப் பதிப்பித்தார். பின்னாளில் ஏறத்தாழ நாற்பது நூல்களைப் பதிப்பித்த அவரது பதிப்புப்பணி இவ்வாறு ஒரு வழக்கறிஞரின் ஓய்வுநேர உழைப்பாகவே தொடங்கிற்று.

பின்னர்த் திருநெல்வேலிக்குத் திரும்பி, மூன்றாண்டுகள் அங்கு வழக்கறிஞர் தொழில் நடத்தினார். அங்கும் நட்பின் நிழல் குறைவில்லை. சட்டம் பயின்றும் கவிதையிலேயே உள்ளம் தோய்ந்த ரசிகமணி டி.கே. சிதம்பரநாத முதலியார் அவ்வூரினர். அதே காலத்தில், கயத்தாற்றுக்கு வடக்கே அதே சாலையில் உள்ள கோவில்பட்டியில் வ.உ. சிதம்பரம் பிள்ளை வழக்கறிஞராக இருந்தார். தூத்துக்குடியில் கப்பல் நிறுவனம் கண்டு, 1908இல் சிறைசென்று, தம் வழக்கறிஞர் உரிமையை இழந்து மீண்டும் பெற்றவர் அவர். அவரும் ஓய்வில் தொல்காப்பிய ஏடுகளையே தேடிக்கொண்டிருந்தார். நெல்லைச் சீமையின் வழக்கறிஞர் பலர்க்குத் தமிழ் இரண்டாவது தொழிலாக இருந்தது. சிலர்க்கு அதுவே முதல் தொழிலாக இருந்திருக்க வேண்டியது.

1912இல் பதக்கம் பெற்றவர்க்கு 1926இல் வயது 35. மனைவி, மக்கள், குடும்பம் என்னும் பொறுப்புகள் அமைந்துவிட்டன. தொழில் ஊன்றிவிட்டது. அந்நிலையில் இளமைக் கனவை முடிந்துபோன ஒன்றாகக் கருதுவோரே உலகில் மிகுதி.

சொற்களஞ்சியம் அழைத்தது

அந்நாளில் சென்னைப் பல்கலைக்கழகம் ஒரு பெரும்பணியை முடிக்க இயலாமல் சுமந்துகொண்டிருந்தது. தமிழுக்குப் பேரகராதி ஒன்று வேண்டும் என்று தொடங்கிய முயற்சி அது. 1862இல் வெளிவந்த வின்சுலோ அகராதியே அதுவரை பேரகராதியாகக் கருதப்பட்டு வந்தது. அதனை விரிவாக்கிப் புதிய அகராதி காண்பதற்கென அமெரிக்கப் பாதிரியார் சாந்தலர் தலைமையில் 1913இல் மதுரையில் அலுவலகம் அமைந்தது. பின்னர்ச் சென்னைக்கு மாறிற்று. முதலில் ஒரு லட்சம் ரூபாயில் முடிந்துவிடும் என்று மதிப்பிட்டனர். பதிப்பாசிரியர் மாறினர், ஆண்டுகள் பல கடந்தன, அச்சேறிய பகுதியோ சிறிதாகவே இருந்தது.

1926ஆம் ஆண்டு நவம்பரில் அப்பேரகராதியின் பதிப்பாசிரியராக வையாபுரிப்பிள்ளை அமர்த்தப்பட்டார். கல்லூரிப் பேராசிரியர் ஒருவரை விடுத்து நெல்லை வழக்கறிஞர் ஒருவர் இப்பணிக்கு வந்தது முதலில் வியப்பாகத் தோன்றலாம். பணியின் இயல்பை நோக்கினால் வியப்பு நீங்கும். அவ்வகராதி ஒவ்வொரு சொல்லுக்கும் தமிழிலும் ஆங்கிலத்திலும் பொருள் தருவது. அதற்கு இருமொழிப் புலமை வேண்டும். தெலுங்கு, கன்னடம், மலையாளம் முதலிய இனமொழிச் சொற்களையும் வடமொழி மூலங்களையும் சுட்டுவது. அதற்குத் திருவனந்தபுரத்தில் பழகிய மலையாளம் துணை நின்றது. எல்லாவற்றினும் மேலாக, பொருள் கூறுவதோடு அமையாமல் அப்பொருளுக்கு இலக்கியச் சான்றும் காட்டுவது. சான்றில்லாக் கூற்றை ஏற்காத பயிற்சியை வழக்குமன்றம் அவருக்குப் பத்தாண்டுகள் அளித்திருந்தது.

புலவர் தலைவராக மு. இராகவையங்கார் முதலிய அறிஞர் உடனிருந்து உழைத்தனர். பத்தாண்டுகளில், 1936இல், ஆறு தொகுதிகளும் நிறைவெய்தின. அவற்றுள் அடங்கிய சொற்கள் 1,04,405. 1939இல் வெளிவந்த அனுபந்தத்தில் மேலும் 13,357 சொற்கள் சேர்ந்தன. செலவு நான்கு லட்சம் ரூபாயையும் கடந்தது. அன்று முதல் இன்றுவரை தமிழ் ஆராய்ச்சி செய்வோர் யாரும் அதனைத் திறவாமல் ஓரடியும் எடுத்துவைக்க இயலாது.

சமண நூல்களும் அப்பேரகராதியில் உரிய இடம் பெற்றன. சமண சமயத்திற்கே உரிய பொருளில் வழங்கும் சொற்களை இன்ன சமயத்தின் வழக்கு எனக் குறித்தே பொருள் தந்தனர். உ.வே. சாமிநாதையர் சீவக சிந்தாமணியை அச்சிட முயன்றபோது, சமணச் சொற்களின் பொருள் விளங்காமல், கும்பகோணத்துச் சமண அன்பர்களின் இல்லந்தேடிச் சென்று கேட்டறிந்த வரலாறு நம் குடும்பங்களில் இன்றும் பேசப்படுவது. அன்று இல்லந்தேடிக் கேட்கவேண்டியிருந்த பொருள்கள் பல, அரை நூற்றாண்டு கழிந்தபின், நூலகத்தில் யாரும் எடுத்துப் பார்க்கும் ஏட்டில் அமைந்துவிட்டன.

நிகண்டின் வழி வந்தவர்

அகராதிப்பணியில் இறங்கியவர்க்கு அதன் முன்னோரை அறியும் விருப்பம் எழுந்தது. தமிழில் சொற்பொருள் தொகுக்கும் மரபு நிகண்டுகளில் தொடங்கியது. அந்நிகண்டுகளுள் கற்போரிடையே மிகப் பரவியது சூடாமணி நிகண்டு. அதனை இயற்றிய மண்டலபுருடர், குணபத்திரரின் மாணாக்கராகிய சமண முனிவர். சொற்களைத் தெய்வப்பெயர், மக்கட்பெயர், விலங்கின்பெயர், மரப்பெயர் என வகைப்படுத்தி விருத்தப் பாவில் அமைத்த அந்நூல், அச்சு வருமுன் பலநூறு ஆண்டுகள் தமிழரின் அகராதியாக விளங்கியது. பேரகராதியின் முன்னுரையில் இம்மரபு முழுவதையும் வையாபுரிப்பிள்ளை வரிசைப்படுத்தினார். நாமதீப நிகண்டு, அரும்பொருள் விளக்க நிகண்டு, பொதிகை நிகண்டு ஆகியவற்றை ஏடுகளிலிருந்து பதிப்பித்தும் தந்தார்.

இதே காலத்தில், கோவில்பட்டியில் ஏடு தேடிக்கொண்டிருந்த வ.உ.சி.யின் முயற்சியும் இவரோடு வந்து இணைந்தது. தொல்காப்பியப் பொருளதிகாரத்திற்கு இளம்பூரணர் வகுத்த உரையை இருவரும் சேர்ந்து 1935இல் வெளியிட்டனர். இளம்பூரணரைச் சமணத் துறவி எனக் கருதும் அறிஞரும் உளர். மறு ஆண்டு வ.உ.சி. மறைந்தார். வாழ்நாளின் பெரும்பகுதியை வழக்குமன்றத்திலும் சிறையிலும் கழித்த ஒருவரும், வழக்குமன்றத்திலிருந்து அகராதிக்கு வந்த ஒருவரும் கூடி அவ்வுரையைத் தமிழ்நாட்டுக்கு அளித்தனர்.

சைவ சமாஜத்தின் சிந்தாமணி

அகராதி முடிந்த 1936இலேயே வையாபுரிப்பிள்ளை சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் ஆராய்ச்சித் துறையின் தலைவரானார். 1912இல் இல்லாதிருந்த வழி இப்போது அவர் முன் இருந்தது. 1946வரை அப்பதவியில் பணிபுரிந்தார். சங்க இலக்கியம் முழுவதையும் புலவர் வாரியாக வகுத்து, ஒரே நூலாக, சைவ சித்தாந்த மகா சமாஜத்தின் வாயிலாக 1940இல் வெளிவரச் செய்தார். அதுவரை பாட்டும் தொகையும் தனித்தனி நூல்களாகவே கிடைத்தன. ஒரு புலவர் பாடிய எல்லாப் பாடல்களையும் ஒருங்கே காணும் வாய்ப்பு அப்பதிப்பால் முதன்முதலாகக் கற்போர்க்குக் கிடைத்தது.

அடுத்த ஆண்டு, 1941இல், அதே சமாஜம் அவரது பதிப்பாகச் சீவக சிந்தாமணியை வெளியிட்டது. திருத்தக்க தேவர் என்னும் சமண முனிவர் இயற்றிய காப்பியத்தை, சைவ சித்தாந்தத்தைப் பரப்புதற்கென அமைந்த சங்கம், சைவக் குடியிற் பிறந்த அறிஞரைக்கொண்டு பதிப்பித்தது. சிந்தாமணியைச் சைவர் கற்றலாகாது என்று கருதிய காலமும் தமிழ்நாட்டில் இருந்ததுண்டு. அக்காலத்தை நினைப்போர்க்கு இச்செயலின் அருமை புலனாகும். ஏடுகள் பலவற்றை ஒப்புநோக்கிப் பாடவேறுபாடுகளைத் தெரிவுசெய்வதில் அவர் கையாண்ட முறை ஒன்றே: எந்தச் சமயத்து நூலாயினும் ஏடு கூறுவதையே கேட்பது, தம் விருப்பத்தை ஏட்டின்மேல் ஏற்றாதிருப்பது.

சமணர்க்குரிய இடம்

அகராதிக்காக ஒவ்வொரு சொல்லும் எந்நூலில் முதலில் காணப்படுகிறது, பின்னர் எவ்வாறு பொருள் மாறுகிறது என்று பத்தாண்டுகள் பார்த்துவந்தவர்க்கு, நூல்களின் காலத்தை அவற்றின் சொல்லாட்சியால் அறியலாம் என்னும் தெளிவு பிறந்தது. ஒரு நூலில் வரும் வடசொற்கள் எவை, இலக்கண வடிவங்கள் எவை, அதனை எடுத்தாளும் பிறநூல் எது, அது எடுத்தாளும் முன்னூல் எது என்று ஒவ்வொன்றாக வினவிச் சென்றார். வழக்கில் சாட்சியை விசாரிக்கும் முறைக்கும் இதற்கும் வேறுபாடு சிறிதே. அம்முறையில் அவர் அடைந்த முடிவுகள் தமிழ்ச்சுடர் மணிகள், இலக்கிய உதயம் முதலிய நூல்களில் இடம்பெற்றன.

அம்முடிவுகளுள் சமணர் அறியவேண்டியவை சில உள்ளன. தேவசேனர் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் இயற்றிய தரிசனசாரம் என்னும் பிராகிருத நூல், பூஜ்யபாதரின் மாணாக்கராகிய வச்சிரநந்தி தென்மதுரையில் திராவிட சங்கத்தை நிறுவினார் என்று கூறுகிறது. அந்நூல் தரும் விக்கிரம ஆண்டைக் கணக்கிட்டால் அது கி.பி. 470ஐ ஒட்டி அமைகிறது. இச்செய்தியைத் தமிழிலக்கிய வரலாற்றின் நடுவே வைத்து ஆராய்ந்தவர் வையாபுரிப்பிள்ளை. தமிழில் இலக்கணமும் அறநூல்களும் பெருகியதற்கு அச்சங்கத்தின் ஊக்கமே பெருங்காரணம் என்று அவர் கருதினார். தொல்காப்பியர் சமணர் என்பதும் அவர் கொள்கை. சிறப்புப்பாயிரம் அவரைக் குறிக்கும் படிமை என்னும் சொல் சமணத் தவவொழுக்கத்தைச் சுட்டுவது என்பதும், மரபியலில் உயிர்களைப் புலனறிவின் எண்ணிக்கையால் வகுக்கும் முறை சமண ஆகமத்தோடு ஒத்துச்செல்வது என்பதும் அவர் காட்டிய சான்றுகள். திருவள்ளுவரையும் சமண நெறியைச் சார்ந்தவராகவே அவர் கொண்டார்.

இவற்றைக் கூறியதால் அவருக்குச் சமணரிடமிருந்து பெறத்தக்க பயன் எதுவும் இல்லை. எண்ணிக்கையில் மிகச் சிறியதாகிய தமிழ்ச் சமணச் சமுதாயம் யார்க்கும் பதவியோ பட்டமோ தரத்தக்க நிலையில் அன்றும் இல்லை. பெற்றது பழியே. தொல்காப்பியத்தையும் திருக்குறளையும் பலர் நம்பிய காலத்திற்குப் பிற்பட்டனவாக அவர் வைத்ததால், தமிழின் தொன்மையைக் குறைத்தவர் என்னும் குற்றச்சாட்டு எழுந்தது. மேடைகளிலும் இதழ்களிலும் கடுமையாகத் தாக்கப்பட்டார். அவர் தொகுத்த அகராதியைப் பயன்படுத்திக்கொண்டே அவரைப் பழித்தோரும் இருந்தனர். ஆயினும் சான்று காட்டி மறுத்தால் மாற்றிக்கொள்ளலாம், சினந்து மறுத்தால் மாற்றிக்கொள்ள இயலாது என்னும் நிலையிலேயே அவர் இறுதிவரை நின்றார்.

அவர் முடிவுகள் எல்லாம் இன்றும் அப்படியே நிலைபெற்றுள்ளன என்று கூறுதல் உண்மையாகாது. திராவிட சங்கம் பற்றியும் நூல்களின் காலம் பற்றியும் அவரோடு மாறுபடும் அறிஞர் பலர் உளர். மதுரையை அடுத்த மாங்குளம் குகைக் கல்வெட்டுகளைப் பின்னாளில் ஐராவதம் மகாதேவன் விரிவாக ஆராய்ந்து, அவை கி.மு. 2ஆம் நூற்றாண்டின எனவும், பாண்டியன் நெடுஞ்செழியன் காலத்தில் கணிநந்தி என்னும் சமண முனிவர்க்குப் பாழி அமைத்ததைக் கூறுவன எனவும் விளக்கினார். தமிழகத்தில் சமணம் வேரூன்றிய காலமும் தமிழ் எழுத்தின் காலமும் வையாபுரிப்பிள்ளை கருதியதினும் முற்பட்டன என்பது இதனால் தெளிவாயிற்று. பழைய தீர்ப்பைப் புதிய சான்று மாற்றியது. அவ்வாறு மாறுவதே அவர் வகுத்த முறைக்கு உடன்பாடானது. ஒரு பொருளைப் பல நிலைகளிலிருந்தும் நோக்குக, ஒன்றையே முற்றும் உண்மையெனப் பற்றற்க என்னும் அநேகாந்த நெறியை அறிந்த சமுதாயத்திற்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை.

மீண்டும் திருவனந்தபுரம்

1946இல் பல்கலைக்கழகப் பணியிலிருந்து ஓய்வு பெற்றார். எழுத்து ஓயவில்லை. 1951இல் திருவாங்கூர்ப் பல்கலைக்கழகம் அவரைத் தமிழ்ப் பேராசிரியராக அழைத்தது. இளமையில் தமிழை விட்டுச் சட்டம் பயிலச் சென்ற அதே திருவனந்தபுரத்திற்கு, அறுபதாம் வயதில் தமிழ் கற்பிக்கும் பேராசிரியராகச் சென்றார். வழக்குக் கட்டுகளைச் சுமந்து நடந்த தெருக்களில் ஏட்டுச்சுவடிகளைப் பற்றிப் பேசும் மாணாக்கர் சூழ நடக்கும் பேறு வாய்த்தது. 1954வரை அங்கிருந்தார்.

1956ஆம் ஆண்டு பிப்ரவரி 17ஆம் நாள் அவர் காலமானார். தமிழ்மொழி, இலக்கிய வரலாறு பற்றி ஆங்கிலத்தில் எழுதிய நூல் அவ்வாண்டில் வெளிவந்தது. காப்பியங்களைப் பற்றிய காவிய காலம் அடுத்த ஆண்டு அச்சேறியது. சமணக் காப்பியங்களின் வரலாற்றை அறிய விழைவோர்க்கு அது இன்றும் பயன்படும் நூல். வாழ்நாள் முழுவதும் அவர் தேடிச் சேர்த்த நூல்களும் ஏட்டுச்சுவடிகளும் கொல்கத்தாவிலுள்ள தேசிய நூலகத்தில் அவர் பெயரிலேயே தனித்தொகுப்பாகப் பாதுகாக்கப்படுகின்றன. நெல்லையின் திண்ணைகளில் கிடந்த ஏடுகள் சில கங்கைக் கரைக்குச் சென்று அடைக்கலம் பெற்றன.

சுற்றுவழியின் பயன்

பதினான்கு ஆண்டுகளை வையாபுரிப்பிள்ளை சட்டத்திற்குக் கொடுத்தார். 1912இலேயே அவர் ஒரு தமிழ்ப் பள்ளியிலோ கல்லூரியிலோ அமர்ந்திருந்தால் நல்ல தமிழாசிரியராக விளங்கியிருப்பார் என்பதில் ஐயமில்லை. ஆனால் சாட்சியை ஐயுறவும், ஆவணத்தைச் சோதிக்கவும், எதிர்தரப்பின் வாதத்தையும் முழுமையாகக் கேட்கவும் பயின்ற அந்த உள்ளத்தை வழக்குமன்றமே அவருக்கு அளித்தது. அது இன்றேல் பேரகராதியின் சான்றுமுறை இத்துணைச் செம்மையுற்றிராது. சமணர்க்குரிய இடத்தை அஞ்சாது எடுத்துரைக்கும் துணிவும் வந்திராது. இடைப்பட்ட ஆண்டுகளில் அவர் தமிழை ஒருநாளும் கைவிடவில்லை என்பதும் மறக்கத்தக்கதன்று. மனோன்மணீயப் பதிப்பு இல்லாதிருப்பின், 1926இல் பல்கலைக்கழகத்தின் பார்வை நெல்லை வழக்குமன்றத்தின் பக்கம் திரும்பியிருக்க வழியில்லை.

நம் சிற்றூர்களிலிருந்து சென்னைக்கும் பெங்களூருக்கும் கடல்கடந்தும் தொழில்நிமித்தம் சென்ற இளைஞர் இன்று பலர். பொறியியலும் கணக்கும் வங்கிப்பணியும் அவர்தம் குடும்பங்களைத் தாங்குகின்றன. அவர்களுள் ஒரு சிலர்க்கேனும் மேல்சித்தாமூர் மடத்து ஏடுகளைப் படிக்கவேண்டும், ஊர்க் கோயிலின் கல்வெட்டைப் படியெடுக்கவேண்டும், சிந்தாமணியை உரையோடு கற்கவேண்டும் என்னும் ஆசை இளமையில் இருந்திருக்கும். முப்பத்தைந்து வயதாகிவிட்டது என்று அவ்வாசையை மூடிவைத்தோர், வையாபுரிப்பிள்ளை அகராதி அலுவலகத்திற்குள் முதன்முறை நுழைந்தபோது அவருக்கும் அதே வயதுதான் என்பதை நினைத்தல் நலம்.

கயத்தாற்றில் நெடுஞ்சாலையை விட்டுத் திரும்புவோர் மதுரைக்குத் தாமதமாகவே செல்வர். ஆனால் இடையே கழுகுமலையைக் கண்டு செல்வர். அப்பாறையில் தம் பெயரைப் பொறித்துச் சென்ற குரத்தியர் யார், அவர்தம் ஊர்கள் எவை, அவர்கள் பேசிய சொற்களுக்குப் பொருள் என்ன என்று அறிய விரும்புவோர் ஊர் திரும்பியதும் தமிழ்ப் பேரகராதியின் ஆறு தொகுதிகளையே கையில் எடுப்பர். அவற்றை நிறைவுசெய்து தந்தவர், தமிழை விட்டுச் சென்று தமிழுக்கே திரும்பிவந்த நெல்லை வழக்கறிஞர் என்பதை அறிந்து எடுத்தல் அவருக்குச் செய்யும் நன்றியாகும்.